தூக்காதே என்பவர்கள் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்ப்பிணிகளுக்கான குறிப்புகள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. விடாமல் படிக்கிறவள் நான். என்ன சாப்பிட வேண்டும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், எப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எல்லாம் இருக்கும். ‘கனமான பொருட்களைத் தூக்கக் கூடாது’ என்ற வரியும் தவறாமல் இருக்கும். சரி, தண்ணீர்க் குடத்தை வேறு யாராவது தூக்கி வைப்பார்கள். அரிசி மூட்டையைக் கடைப்பையனே வீட்டுக்குள் இறக்கிவிட்டுப் போவான். காலைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் மேலே நீட்டி, ‘தூக்கு, தூக்கு’ என்று அழுகிற பிள்ளையை என்ன செய்வது? அதைப் பற்றி எந்தக் குறிப்பிலும் நான் படித்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சோழவந்தான் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டில் இருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். கணவருக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மூத்தவனுக்கு ஒன்றே முக்கால் வயது, 11 கிலோ இருக்கிறான். எனக்கு இப்போது எட்டாம் மாதம்.

‘மாசமா இருக்கிறவ, பிள்ளையைத் தூக்கலாமா?’ என்று கேட்காதவர் கிடையாது. எதிர்வீட்டு அக்கா கேட்கிறார். ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள். துணி கொடுக்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பிள்ளை என் இடுப்பிலேயே இருக்கிறான். அப்படிக் கேட்கிற ஒவ்வொருவரும் ‘வாடா தம்பி, என்கிட்ட வா’ என்று கையை நீட்டி ஒரு பத்து நிமிடம் அவனை வாங்கிக்கொண்டால், நான் கொஞ்சம் காலை நீட்டி உட்காருவேன். தூக்காதே என்பதை வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் சொல்லிப் பயன் இல்லை. அவளைச் சுற்றி இருக்கிறவர்களிடம் ‘நீங்கள் தூக்குங்கள்’ என்று சொல்ல வேண்டும். உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது அவ்வளவுதான்.

தலைப்பிரசவம் என்றால் நம் பக்கம் என்ன பாடுபட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்! வளைகாப்பு, கை நிறையக் கண்ணாடி வளையல், வகை வகையாகக் கட்டுச்சோறு, அப்புறம் அம்மா வீடு. குனிந்து ஒரு விளக்குமாற்றை எடுக்க விடமாட்டார்கள். இரண்டாவதுக்கு வளைகாப்பு கிடையாது. அம்மா வீட்டுக்குப் போவதும் நிறைய குடும்பங்களில் கிடையாது. ‘ஒண்ணு பெத்தவதானே, அவளுக்குத் தெரியாதா’ என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் உதவி அதிகம் வேண்டியது இப்போதுதான். முதல் பிள்ளையைச் சுமந்தபோது எனக்கு அசதியாக இருந்தால் படுத்துவிடுவேன். இப்போது நான் படுத்தால் மூத்தவன் அடுப்படிக்குப் போவான், இல்லாவிட்டால் தையல் மெஷின் பெல்ட்டில் விரலை விடுவான்.

தூக்கலாமா கூடாதா என்பதைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என் சித்தப்பா மகள் பிசியோதெரபி படித்தவள். அவளிடமும் எங்கள் கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன், என்னைப் போல இருக்கிற யாருக்காவது உதவும்.

பிள்ளையைத் தூக்கினால் வயிற்றில் இருக்கிற குழந்தைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும் என்று சொல்வதில் உண்மை இல்லை. குழந்தை உள்ளே புரண்டு திரும்புவதால்தான் கொடி சுற்றுகிறது. கொடி சுற்றிப் பிறக்கிற குழந்தைகள் நிறைய, பெரும்பாலும் அதனால் ஒரு கெடுதலும் வருவதில்லை. கர்ப்பம் சிக்கல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தால் மூத்த பிள்ளையை எப்போதாவது தூக்குவதற்குத் தடை இல்லை என்றுதான் இருவரும் சொன்னார்கள். வலி வருவதற்குக் காரணம் வேறு. வயிறு முன்னால் வர வர உடம்பின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, அதைச் சரிக்கட்ட நாம் முதுகைப் பின்னால் வளைத்து நிற்கிறோம். ரிலாக்சின் போன்ற சுரப்புகள் இடுப்பு மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. பிரசவத்துக்கு அது வேண்டியதுதான். ஆனால் தளர்ந்த இடுப்பில் ஒரே பக்கமாக 11 கிலோவை ஏற்றி வைத்தால் அந்தப் பக்கம் தாங்காது. ராத்திரி புரண்டு படுக்கும்போது அடிவயிற்றுக்குக் கீழே எலும்பு சேரும் இடத்தில் சுளீரென்று இழுக்கும். கூடவே இன்னொன்று: கடைசி மாதங்களில் நம் பாதம் நமக்குத் தெரியாது. இடுப்பில் பிள்ளையும் இருந்தால் வாசற்படியே கண்ணுக்குத் தெரியாது. நான் அதிகம் பயப்படுவது இப்படிக் கால் தடுக்கி விழுவதற்குத்தான்.

எவ்வளவு எடை வரை தூக்கலாம் என்று சித்தப்பா மகளிடம் கேட்டேன். அமெரிக்காவில் வேலை செய்யும் இடத்துப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் கர்ப்பிணிகளுக்காக ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்களாம். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில், உடம்போடு ஒட்டிப் பிடித்து, எப்போதாவது தூக்குவதென்றால் முதல் 20 வாரம் வரை சுமார் 16 கிலோ, அதற்கு மேல் சுமார் 12 கிலோ. திரும்பத் திரும்பத் தூக்கினால் அளவு இன்னும் குறைந்துவிடும், கையை நீட்டித் தூக்கினாலும் குறைந்துவிடும். தரையில் இருந்து குனிந்து தூக்குவதே வேண்டாம். வேலை செய்யும் இடத்துக்காகப் போட்ட கணக்கு இது. வீட்டுக்கு அதைக் கொண்டுவந்து பார்த்தேன். இரண்டு வயதை நெருங்கும் பிள்ளை அந்த 12 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதுவும் அவன் எப்போதாவது தூக்கச் சொல்கிற ஆளா? நாள் முழுக்கச் சொல்வான், தரையில் நின்றுகொண்டுதான் சொல்வான், தூக்கும்போது துள்ளுவான்.

அதனால் நான் அவனைத் தரையில் இருந்து தூக்குவதை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு திண்ணை இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு மரப்பலகையைப் போட்டிருக்கிறோம். ‘ஏறுடா ராசா’ என்றால் பலகையில் கால் வைத்துத் திண்ணைக்கு ஏறிவிடுவான். ஏறியதும் திரும்பி நின்று என் கழுத்தைக் கட்டிக்கொள்வான். நான் கால் இரண்டையும் அகட்டி வைத்து, அவனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, மூச்சை வெளியே விட்டபடி நிமிர்வேன். முதுகுக்கு வேலையே இல்லை. அவனுக்கும் தானே ஏறிவிட்ட பெருமை. வீட்டுக்குள் திண்ணைக்குப் பதில் கட்டில். வேறு வழியே இல்லாமல் தரையில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்றால், ஒரு காலை முட்டி போட்டு, மறு தொடையில் முதலில் அவனை உட்காரவைத்து, அப்புறம் எழுந்திருக்கச் சொன்னாள் தங்கச்சி, எழும்போது பக்கத்தில் சுவரோ கட்டிலோ பிடித்துக்கொள்ள இருக்க வேண்டுமாம். குளிப்பாட்டும்போது நான் குனிவது கிடையாது, முக்காலியில் உட்கார்ந்துதான் ஊற்றுகிறேன்.

பாதி நேரம் அவன் கேட்பது தூக்கச் சொல்லி இல்லை, அம்மா மேல் ஒட்டிக்கொள்ளத்தான். நான் பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ‘வா’ என்றால் மடியில் வந்து சுருண்டுவிடுகிறான். அம்மா மாசமானால் மூத்தது சவலைப் பிள்ளை ஆகிவிடும் என்று அத்தை ரொம்பக் கவலைப்பட்டார்கள். பிள்ளை இளைத்துப் போவது பால் நின்ற வேகத்தில் சரியான சாப்பாடு கிடைக்காததால்தான் என்று செவிலியர் அவருக்கு எடுத்துச் சொன்னார். இப்போது முட்டையும் பருப்புச் சோறும் அத்தை கையாலேயே ஊட்டுகிறார்கள்.

இவ்வளவும் எல்லாம் நல்லபடியாக இருக்கிறவர்களுக்குத்தான். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தாலோ, இடையில் ரத்தம் பட்டிருந்தாலோ, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தாலோ, முந்தைய பிள்ளை குறை மாதத்தில் பிறந்திருந்தாலோ, பிரஷர் ஏறியிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் பிள்ளையைத் தூக்கவே கூடாது. அப்படிப்பட்ட ஒருத்தி வீட்டில் தனியாக மூத்த பிள்ளையோடு இருந்தால் அவள் என்ன செய்வாள் என்று யோசியுங்கள். டாக்டர் ‘ரெஸ்ட் எடும்மா’ என்று எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டை ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் காட்ட முடியாது.

அப்புறம் செவ்வாய்க்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள் அது. எந்த நிலையம் என்று நான் சொல்லப் போவதில்லை. அங்கிருக்கும் செவிலியர்கள் கூட்டத்துக்கு நடுவே நிற்கக்கூட நேரமில்லாமல் வேலை செய்கிறார்கள், எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒரு கைப்பிள்ளையோடு வருகிறவள் அங்கே படும் பாட்டை யாரும் யோசித்து ஏற்பாடு செய்யவில்லை. சிறுநீர் பிடிக்கச் சின்ன டப்பா ஒன்று கொடுப்பார்கள். கழிப்பறைத் தரை ஈரம். பிள்ளையை எங்கே இறக்குவது? ஒரு கையில் அவன், ஒரு கையில் டப்பா, கதவுத் தாழ்ப்பாளைப் போட மூன்றாவது கை வேண்டும். எடை பார்க்க ஏறினால் புடவையைப் பிடித்து இழுப்பான், முள் ஆடும். சர்க்கரை சோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். நல்ல சோதனை, கட்டாயம் வேண்டியது. அந்தத் தண்ணீர் தனக்கும் வேண்டும் என்று பிள்ளை அழுவதில் ஆரம்பித்து, 2 மணி நேரமும் அவனோடு அந்தத் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் அளவு சரியாக வரும். மடியில் ஒரு பிள்ளை அலறித் துள்ளும்போது பார்த்த பிரஷரை அட்டையில் எழுதுகிறார்கள். அதை நம்பித்தானே அடுத்த முடிவு எடுப்பார்கள்?

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலையில் நிழலான ஒரு மூலையில் பாய் விரித்து, நான்கு பொம்மையைப் போட்டு, பிள்ளைகளைப் பார்க்க ஒரு பெண்ணை உட்காரவைத்தால் போதும். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து ஆள் போடலாம், ஊராட்சி அதற்கு ஒரு நாள் கூலி கொடுக்கலாம். அது வரைக்கும், கைப்பிள்ளையோடு வருகிற கர்ப்பிணியை வரிசையில் முன்னால் விடுங்கள் என்று ஒரு பலகையாவது வையுங்கள். 2015இல் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். அதற்கு முன்னால் அப்படி ஒன்று வேண்டும் என்று பலருக்குத் தோன்றியிருக்காது. இதுவும் அப்படித்தான், ஒருமுறை வைத்துவிட்டால் எல்லோருக்கும் புரியும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் வரை கிடைக்கிறது. முதல் பிரசவத்தில் எனக்கு அது பெரிய துணை. இரண்டாவதுக்கும் உண்டு. அதை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாவதாக மாசமாக இருக்கிறவளுக்குப் பணத்தோடு ஆள் துணையும் வேண்டும். எங்கள் ஊர் அங்கன்வாடியில் இரண்டு வயது முடிந்த பிள்ளைகளைத்தான் சேர்க்கிறார்கள். என் மகன் இரண்டு வயதைத் தொடும்போது கைக்குழந்தையும் வந்துவிடும். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிக் காப்பகங்களுக்கு ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தில் வழி இருக்கிறது. அப்படிப்பட்ட காப்பகங்களைக் கிராமங்களுக்கும் கொண்டுவாருங்கள். எல்லாருக்கும் உடனே முடியாது என்றால், தாய்க்கு ஏழாம் மாதம் தொடங்கியதில் இருந்து இரண்டாவது குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும் வரையாவது மூத்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாவட்ட நிர்வாகம் உத்தரவு போடலாம். ஏற்கெனவே அங்கே இருக்கிற ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் தலையில் இந்த வேலையையும் கட்டக் கூடாது. கூடுதலாக ஒருவரை நியமித்துத்தான் செய்ய வேண்டும்.

மதுரைக்குப் போகும் டவுன் பஸ்ஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் ஸ்கேனுக்கும் துணி எடுக்கவும் நான் அதில்தான் போய் வருகிறேன். முதல் படி தரையில் இருந்து நல்ல உயரம். எட்டாம் மாத வயிற்றோடு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அதில் ஏறுவது லேசு இல்லை. ஒரு நாள் கொடிக்காலில் இருந்து வெற்றிலைக் கட்டோடு வந்த ஒரு அம்மா முதலில் ஏறி, கட்டைக் காலடியில் தள்ளிவிட்டு, வாசலில் திரும்பி நின்று ‘இங்க கொடு தாயி’ என்று இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளையை வாங்கினார். நான் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்த பிறகும் அவனைத் தரவில்லை. ‘நீ மூச்சு வாங்கு’ என்று சொல்லிவிட்டு, ஒரு வெற்றிலைக் காம்பைக் கிள்ளி அவன் கையில் கொடுத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டே வந்தார். அவர் என்னிடம் எத்தனையாவது மாதம் என்றுகூடக் கேட்கவில்லை. டிரைவர், கண்டக்டர் அண்ணன்களிடம் நான் வேண்டுவது, பிள்ளையும் வயிறுமாக ஒருத்தி நின்றால் அவள் உட்காரும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

வீட்டு ஆண்களுக்கு வருகிறேன். என் கணவர் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்க வேண்டியவர். அவரிடம் நான் கேட்டது இரண்டே வேலைதான்: காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவது, ராத்திரி விழித்து அழுதால் எழுந்து தோளில் போட்டுக்கொள்வது, ஷிப்ட் இல்லாத நாட்களில். செய்கிறார். ஆரம்பத்தில் பிள்ளை அவரிடம் தூங்கவே மாட்டேன் என்று கத்தினான். இப்போது அப்பா தோள்தான் வேண்டும் என்கிறான். இதை ஒன்பதாம் மாதத்தில் ஆரம்பித்திருந்தால் நடந்திருக்காது. பிரசவத்துக்கு நாலைந்து மாதம் இருக்கும்போதே பிள்ளையை மற்றவர் கைக்குப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் தம்பியோ தங்கையோ வருகிற அன்றே அம்மா கை போய்விட்டது என்று அவன் நினைப்பான், பாவம்.

எங்கள் மாமா தன் பிள்ளைகளைத் தெருவில் தூக்கிக்கொண்டு நடந்ததே இல்லையாம், அந்தக் காலத்தில் ஆண்கள் அப்படிச் செய்தால் சிரிப்பார்களாம். இப்போது சாயங்காலம் ஆனால் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு சோழவந்தான் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய் கூட்ஸ் வண்டி பார்த்துவிட்டு வருகிறார். டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் இருப்பவள் அல்லது இருப்பவன் எப்படி அசைகிறது என்று கவனிக்கிறேன். கடைசி மாதங்களில் அசைவு குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கிற பிள்ளையின் அசைவு தெரியாமலே போகும். அப்படியே, ரத்தம் பட்டாலும், நீர் ஒழுகினாலும், விட்டு விட்டு வயிறு இறுகினாலும், தலைவலியோடு கண் மங்கினாலும் 108ஐக் கூப்பிடச் சொல்லி அத்தையிடமும் மாமாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதை விடச் சீக்கிரம் ஆகிவிடும் என்பதால், வலி எடுத்த பிறகு மூத்தவனை யாரிடம் விடுவது என்று யோசிக்க நேரம் இருக்காது. பகலில் என்றால் அத்தை, ராத்திரி என்றால் எதிர்வீட்டு அக்கா என்று பேசி முடித்துவிட்டோம். தூக்கலாமா என்று தினமும் கேட்ட அதே அக்காதான். கேட்டதும் ‘இதுக்குப் போய் யோசிப்பியா, கொண்டுவந்து விடு’ என்றார். நாமும் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது.

பிரசவம் ஆனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டில் இருக்கிறவர்கள் நினைக்காதீர்கள். ஆபரேஷன் ஆகியிருந்தால் சுமார் ஆறு வாரத்துக்குக் கைக்குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்கிறார்கள். மூத்தவன் அதைப் போல மூன்று நான்கு மடங்கு எடை. பச்சை உடம்புக்காரியைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கி வருவீர்கள். வந்த இடத்தில் தொட்டில் பிள்ளையைக் கொஞ்சுகிற நேரத்தில் பாதியை, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மூத்த பிள்ளையை வெளியே ஒரு சுற்றுக் கூட்டிப் போகச் செலவழியுங்கள்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை கர்ப்பிணிகளுக்கான குறிப்பு போடும்போது இரண்டாவது பிரசவத்துக்குத் தயாராகிறவர்களுக்கென்று தனியாக ஒரு மகப்பேறு மருத்துவரிடமும் ஒரு பிசியோதெரபிஸ்டிடமும் எழுதி வாங்கிப் போடுங்கள். யார் யார் பிள்ளையைத் தூக்கவே கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். எப்படித் தூக்குவது என்பதைப் படத்தோடு போட்டால் இன்னும் நல்லது, எங்கள் அத்தைக்கு எழுத்தைவிடப் படம் சுலபம். அந்தப் பக்கத்தின் தலைப்பைக் கணவர்களுக்கும் மாமனார் மாமியாருக்கும் என்று வையுங்கள். வீட்டில் பேப்பரை முதலில் எடுப்பது அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.